பதின்மூன்றாம் மாதம்

ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் இந்த நாட்டில்.
கடைசி மாதம் பகுமே. ஐந்தே நாள்.
'இந்த ஐந்து நாளுக்கும் சம்பளமில்லை, பாருங்கள்'
என்று புலம்புகிறார் கணக்கர்,
தேநீரில் மூன்றாம் கரண்டி சர்க்கரை போட்டபடி.

அடிஸ் அபாபா. ஆறாம் மாடி.
தைலமரக் கழிகளில் கட்டிய சாரம்
பட்டை உரியாமல் மணக்கிறது.
சளிக்கு நல்லது.

பாடைபோல் இருவர் தூக்கும் பலகையில் கலவை.
முன்பிடி முலுனெஷ், பின்பிடி ஸெனெபெச்.
பின்னால் ஏறுகிறவளுக்கு உலகமென்பது
முன்னால் ஏறுகிறவளின் குதிகால்.
அறுந்த செருப்பு வாரைக்
கட்டுக்கம்பியால் முறுக்கியிருக்கிறாள்.

இதே பாரத்துக்கு ஆணுக்கு ஐம்பது பிர் கூட.
ஏனென்று கேட்டவள் போன வாரத்தோடு நின்றாள்.
நின்றாளா, நிறுத்தினார்களா,
நோட்டில் இரண்டுக்கும் ஒரே கோடு.

மூன்றாம் நாள், ரஃபேல் திருநாள்.
அன்றைய மழை புனித நீர்.
கீழே பிள்ளைகள் சட்டை கழற்றி ஆடுகிறார்கள்.
மேஸ்திரி பெலாச்சு வானத்தைப் பார்த்தார்,
ஈரத் தளத்தைப் பார்த்தார்.
தார்ப்பாய் இருந்தது ஒன்று. அது சிமெண்டுக்கு.
'போதும், இறங்குங்கள். அரை நாள்.'
பிறகு அவளிடம்,
'எல்லாம் உன் பேரால் வந்தது.'
ஸெனெபெச் என்றால்
பொழிந்தாள்.

அரை நாள் என்றால் அரை என்றுதான் நினைத்தாள்.
நோட்டில் கால்.

முலுனெஷ் முகத்தை நிமிர்த்தி ஆசி வாங்குகிறாள்.
புருவத்துச் சிமெண்ட் கரைந்து
கண்ணில் இறங்குகிறது.
ஸெனெபெச்சின் விரல்கள் இன்னும் விரியவில்லை;
பிடித்த கழியின் பருமனுக்கு வளைந்து நிற்கின்றன.
அதில் கொஞ்சம் தண்ணீர் தேங்குகிறது.

கணக்கருக்கு இன்னும் இரண்டு நாள்
சம்பளமில்லை.
பாவம்.