இரண்டாவது மனு

துணுக்காய்ப் பிரதேச செயலகத்துக்கு முன்னால்
பாலை மர நிழல் நகர நகர
மேசையை நகர்த்துகிறவன் நான்.
பக்கத்துக்கு எழுபது ரூபா.
என் தட்டச்சில் 'ற' மட்டும் வரியில் அடங்காது,
அரை நூல் மேலே துள்ளி நிற்கும்.
திருத்த வவுனியாவுக்குக் கொண்டுபோக வேணும்.
போகவில்லை.

மேசையின் குட்டைக் காலுக்கு முட்டாய்
ஒரு சீமைத் துப்பறியும் கதை.
மகாராணி காலத்து லண்டன், புகார்,
குதிரை வண்டி, ஆள் மாறாட்டம், கள்ள உயில்.
கடைசி அத்தியாயத்தில்
எல்லாரையும் ஒரு மண்டபத்தில் இருத்தி
பொய்யனை எழுப்பி நிறுத்துவார்கள்.
எங்கட பக்கம் மண்டபம் இல்லை.
வரிசைதான்.

சோளகம் கடதாசிகளை இழுத்த ஒரு செவ்வாய்
குடையை மடக்கியபடி வந்தாள்.
"நான் உயிரோட இருக்கிறன் எண்டு
ஒரு மனு அடிக்க வேணும்."

பெயர் திலகேஸ்வரி.
கோட்டைகட்டியகுளத்தில்
வாய்க்காலுக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல்.
மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை விரித்தாள்.
அதன்கீழ் ஒரு சத்தியக் கடதாசி:
'மேற்படி திலகேஸ்வரி ஷெல் வீச்சில் இறந்தார்.'

அந்த 'ற'
அரை நூல் மேலே நின்றது.

ஐந்து வருடத்துக்கு முன், இதே மேசை.
புருசன்ர தம்பி. தோய்த்து மடித்த வெள்ளைச் சேட்டு.
பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டை.
"கைப்பையோட கிடந்தவ. நான்தான் தாட்டனான்."
காற்புள்ளி வரைக்கும் அழுதார்.
முற்றுப்புள்ளி வைக்கும்போது கேட்டார்:
"அண்ணை, இதை வைச்சு உறுதி மாத்தலாமோ?"
கேட்டது எனக்கு விளங்கியது.
எழுபது ரூபாவை எண்ணி எடுத்தேன்.

கதையில் வருகிற ஆள்போல நானும் மடக்கிப் பார்த்தேன்.
வயலுக்கு எல்லை என்ன?
வடக்கே வாய்க்கால், கிழக்கே பரஞ்சோதியற்ற வேலி,
தெற்கே ஒற்றை வீரை.
"பாடமாக்கியும் சொல்லலாம்" என்றேன்.

"சொல்லலாம்.
நேற்று அவற்ற படலைக்குப் போனனான்.
'ஆரம்மா நீங்கள்?' எண்டு கேட்டார்.
கேட்டுக்கொண்டே உள்ளுக்குத் திரும்பி,
'பிள்ளை, சீனி போடாமல் ஒரு தேத்தண்ணி' எண்டார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"கலியாணம் முடிச்சு வந்த நாளிலயிருந்து
நான் சீனி போடுறேல்லை."

மிச்சத்தை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்.
காயம், கப்பல், புல்மோட்டை ஆஸ்பத்திரி,
பிறகு மன்னாரில் கன்னியர் மடத்துக் குசினி.
பெயரைக் கேட்டால் தலையிடி வந்த இரண்டு வருடம்.
வாசித்துப் பார்த்தாள், ஒப்பமிட்டாள்,
நான்காய் மடித்தாள்.
எழும்பவில்லை.

இன்னொரு எழுபதை மேசையில் வைத்தாள்.
"அந்தப் பிள்ளைக்கு."

"எந்தப் பிள்ளை?"

"தண்ணி வரிசையில பின்னால நிண்டவள்.
'பையைத் தாங்கோக்கா, நீங்கள் போத்தலோட
முன்னுக்குப் போங்கோ' எண்டவள்.
பச்சைச் சட்டை. இடக்கையில கறுத்த நூல்.
மூக்குக் குத்தின புண் காயேல்லை.
இவ்வளவு காலமும் என்ர பேரில கிடந்தாள்.
அதையும் இண்டைக்கு நான் எடுத்திட்டன்.
எங்கயோ ஒரு தாய்
அவள் வருவாளெண்டு சோறு வைக்கிறா."

புதுத்தாள் செருகினேன்.
பெயர் என்று அடித்து, பக்கத்தில் வெறுமை விட்டேன்.
வயது: பதினேழு, பதினெட்டு இருக்கலாம்.
யாருக்கு விலாசமிடுவது என்று கேட்டேன்.
"உங்களுக்குத்தானே தெரியும்,
நீங்களே பாத்துப் போடுங்கோ."

நிழல் மேசையை விட்டுப் போயிருந்தது.
பெறுநர் என்று அடித்தேன்.
'ற' துள்ளியது.
அதற்குப் பிறகு
எந்த எழுத்தில் விரல் வைப்பதென்று தெரியவில்லை.