பெட்டி மாறும் இடம்

சின்சினாட்டியில் வண்டி நாற்பது நிமிடம் நின்றது.
எல்மோர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.
தூங்கிக்கொண்டிருந்த ரோசாலியைத் தோளில் போட்டுக்கொண்டான்.
சாவுக்கென்று வாங்கிய கறுப்புக் கையுறைகளை
என் மடியில் வைத்தான்.
"ஆறு தாண்டினால் நீ யாரோ, நான் யாரோ"
என்றான், ஜெர்மன் மொழியில்.
வேறு காதில் விழக் கூடாத சங்கதிகளை
நாங்கள் அதில்தான் பூட்டி வைத்திருந்தோம்.

எஞ்சினை ஒட்டிய பெட்டி அவர்களுக்கு.
பாதியில் சாமான், பாதியில் ஆட்கள்,
கரிப்புகைக்கு முதல் பந்தி அங்கேதான்.
ரோசாலிக்கு நான்கு வயது. என் மூக்கு, அவன் நெற்றி,
எங்கள் இருவரிடமும் இல்லாத தேன் நிறம்.
எந்தப் பெட்டி என்று கண்டக்டர்
ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

டேட்டனில் கல்யாணப் பத்திரம்.
அலபாமாவில் அதே தாள் குற்றப்பத்திரிகை.

எனக்கு இது புதிதல்ல.
ஹனாவில் என் பள்ளிச் சுவரில் ஒரு படம் தொங்கியது.
வெள்ளை வட்டம், கறுப்பு வட்டம்,
யார் யாரைக் கட்டலாம் என்று கோடுகள்.
அம்புக்குறிகளை நான் ஒழுங்காக வரைந்து
மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
அந்தச் சுவரைக் குண்டு தின்றது.
அதன் செங்கற்களைச் சுரண்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது
லாரிப் படியில் உட்கார்ந்து
பீச் பழ டப்பாவைத் திறந்தான் ஒருவன்.
பாதியைச் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைத் துடைத்து நீட்டினான்.

மனு போட்டோம்.
முதல் மனு தொலைந்தது.
இரண்டாவதற்கு அவனை வேறு முகாமுக்கு மாற்றினார்கள்.
மூன்றாவதற்கு ராணுவப் பாதிரியார் வந்து
"உன்னை எந்தத் தெருவில் குடிவைப்பான், தெரியுமா?" என்றார்.
என் அப்பா அதைக்கூடக் கேட்கவில்லை.
மேஜையில் என் தட்டைக் கவிழ்த்து வைத்தார், அவ்வளவுதான்.

கென்டக்கி இருட்டில்
பக்கத்து இருக்கை அம்மாள் பொட்டலம் பிரித்தாள்.
வறுத்த கோழி.
"எந்த ஊர் பேச்சு இது?"
டச்சு என்றேன்.
"கணவர்?"
ராணுவத்தில் இருந்தவர்.
"நம் பையன்களைக் கடவுள் காப்பாற்றட்டும்"
என்று என் முழங்கையைத் தட்டிக் கொடுத்தாள்.
ஒரு தொடையைத் தின்றேன். பசித்தது.
இன்னொன்றைக் கைக்குட்டையில் சுற்றினேன், ரோசாலிக்கு.
ஏழு பெட்டி தூரம்.
விடியும்வரை அதன் எண்ணெய்
என் பாவாடையில் ஊறிக்கொண்டிருந்தது.

மாமியார் எனக்கு ஒரே ஒரு முறை எழுதினார்,
அத்திப்பழ ஜாம் பாட்டிலோடு.
வழியில் உடைந்து எழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டது.
"மகளே" என்ற ஒரு சொல்லைத்தான்
பிரித்தெடுக்க முடிந்தது.

அந்தச் சிறிய தேவாலயத்தில்
நாத்தனார் வெர்னீஸ் என்னைக் கடைசிப் பலகையில் உட்காரவைத்து
"இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள்" என்றாள்.
யாரும் சந்தேகப்படவில்லை.
சவ அடக்கப் பணத்துக்கு வாராவாரம்
வெள்ளைக்காரர்கள்தான் வசூலுக்கு வருவார்களாம்.
கையுறைகள் வேஷத்துக்குப் பொருந்தின.
என் மாமியாரை முதல்முறையாகப் பார்த்தேன்,
பெட்டி மூடுவதற்கு முன்.
அழ எனக்கு உரிமை இல்லை.
கம்பெனிக்காரர்கள் அழுவதில்லை.

வாசலில் ரோசாலி எதிரே வந்தாள்.
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
"குட் மார்னிங், மேடம்" என்றாள்.
பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில்
அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறான்.
ஒரு எழுத்து பிசகவில்லை.
அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது, பாலத்துக்கு இந்தப் பக்கம்,
இருவரும் என் பெட்டிக்கு வந்தார்கள்.
புகைக்கரி அவள் காதோரம் வரை.
கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன்.
அதில் இன்னும் கோழி மணத்தது.
அவள் சும்மா இருந்தாள்.
பிறகு என்னை விட்டுத் திரும்பி
அவனைக் கேட்டாள்:
"இப்போது அம்மா என்று கூப்பிடலாமா?"