பதினான்காம் இலக்க மேல்கட்டில்

கட்டணம் முப்பத்தெட்டு டொலர்.
பூட்டுக் கொண்டுவராதவர்களுக்கு
இன்னும் நாலு.
வரவேற்பில் இருந்த பெடியன்
கடவுச்சீட்டை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்து
"கனகரத்தினம்" என்றான்,
எழுத்துக் கூட்டி, மூக்கால்.
அது அப்பா.
ஒருநாளும் விடுதியில் தங்கியிராத மனிசன்.
நான் திருத்தப் போகவில்லை.
அவர் பெயரிலேயே விழுந்தது
மூன்றாம் மாடியில் மேல்கட்டில்.

கியூபெக். மாசி முடிவு.
மதிலுக்கு உள்ளே பழைய நகரம்.
கீழே, பனிக்கட்டி சுமந்து
முனகிக்கொண்டு போகிற ஆறு.
ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு மணித்தியாலம்.
ஏன் வந்தாய் என்று கேட்க ஒருவருமில்லை;
கேட்டாலும் பெரிதாய் ஒன்றுமில்லை.
நாலு நாள் லீவு மிச்சம் இருந்தது,
எடுக்காவிட்டால் அழியும் என்றார்கள்.

எட்டுக் கட்டில் அறை.
ஹீட்டரில் காய்கிற காலுறைகள்,
யாரோ உரித்த தோடம்பழம்.
விரிப்பு ஒன்று, போர்வை உறை ஒன்று,
தலையணை உறை ஒன்று
சுருட்டிக் கையில் தந்தார்கள்:
நீங்களேதான் விரிக்க வேண்டும்.
பதினொரு வருடமாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்
நாளுக்குப் பதினாறு அறை விரிக்கிறவள் நான்.
காசு கொடுத்து விரித்தது இன்றைக்குத்தான்.
ஏணியில் தொங்கிக்கொண்டு
நாலு மூலையும் இழுத்துச் செருகினேன்,
சூப்பர்வைசர் பார்க்க வருவாள் என்பதுபோல.

கீழ்க்கட்டிலில் ஜினேவ்ரா.
இத்தாலியில் லூக்கா என்று ஓர் ஊராம்.
"இதையா பழசு என்கிறார்கள்?" என்று சிரித்தாள்.
அவள் ஊர் மதிலின்மேல் சைக்கிள் ஓடலாமாம்.
அவள் வீட்டுப் படிக்கட்டு
இந்த நாட்டைவிட மூத்ததாம்.
அங்கேயும் இதேபோல மலிவு விடுதிகள்,
ஒன்றில் அவள் தாய் துணி தோய்க்கிறாளாம்.
அதற்குப் பிறகுதான்
அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

நிலவறையில் குசினி.
'யாரும் எடுக்கலாம்' தட்டில்
போனவர்கள் விட்டுப்போன அரைப் பை அரிசி,
ஈரம் பிடித்த உப்பு, மைசூர்ப் பருப்பு.
கடுகும் செத்தல் மிளகாயும்
என்னிடம் இருந்தன, ஒரு மாத்திரைப் போத்தலில்.
எண்ணெய் கொதித்தது.
கடுகு வெடித்தது.
மிளகாய் கறுத்தது.
கூரையில் இருந்த வெள்ளை வட்டம்
அலறத் தொடங்கியது.

இரவு பத்தரைக்கு
நாலு மாடியும் தெருவுக்கு வந்தது,
ரப்பர்ச் செருப்போடு, துவாயோடு,
வாயில் பற்பசை நுரையோடு.
கல் பதித்த தெருவில் பனி கொட்டியது.
ஐம்பது பேருக்கும் ஒரே கேள்வி: ஆர்?
நான் பேசாமல் நின்றேன்.
என் சுவெட்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

தீயணைப்புக்காரர் ஒருவர்
தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார், சான்றுப் பொருள்போல.
என்ன இது, பிரெஞ்சில்.
ஜினேவ்ரா தன் அரைகுறைப் பிரெஞ்சில்
கடுகு என்றாள்.
ஹொட்டோக்கில் பூசுகிற மஞ்சளா? அதுவா எரிந்தது?
அவர் கையுறையைக் கழற்றினார்,
விரலால் தொட்டு நக்கினார்,
தொப்பியையும் கழற்றினார்.
அந்தக் குளிரில் வேர்த்தது அவருக்கு.
ஒன்றும் எழுதாமல் போனார்.

பேந்து எல்லோரும் ஏறிப் படுத்தோம்.
ஜன்னலோரம் ஒரு குறட்டை,
அதற்கு எதிர்க்குறட்டை.
இருட்டில் ஒருத்தி தும்மினாள்,
கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தி.
என் மிளகாய்
மாடி மாடியாய் ஏறி வந்துகொண்டிருந்தது.
கீழே கட்டில் குலுங்கியது:
ஜினேவ்ரா வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

காலையில் விரிப்பைக் கழற்றி
ஓரம் பார்த்து நாலாய் மடித்துக் கொடுத்தேன்.
"சும்மா கூடைக்குள் போடுங்கள், கனகரத்தினம்."
மேசையில் விடுதியின் சம்பவப் புத்தகம் விரிந்து கிடந்தது.
நேற்றைய திகதி, நேரம்,
அலாரம் அடிக்கக் காரணமானவர்.

ஆரிடமும் ஒரு குரல் உயர்த்தாத அப்பா,
சைக்கிள் மணியைக்கூட
யோசித்து அடிக்கிற அப்பா.
நீல மையில், சாய்ந்த எழுத்தில்,
அவர் பெயர்.
திருத்தவா என்று பேனையை எடுத்தேன்.
பூட்டுக்கு வாங்கிய நாலு டொலரை
பெடியன் எண்ணித் திருப்பித் தந்தான்.