பெயரில்லாத ஓடை

பொது அனுமதி என்பது
எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்துவைத்த சட்டை.
பொருந்தினால் போட்டுக்கொள்ளலாம்,
தனியாக அளவெடுக்க வேண்டாம்.
முப்பது நாளுக்குள் நான் வாய் திறக்காவிட்டால்
கொடுத்ததாகவே பொருள்.
என் மௌனத்துக்கும் அரசு முத்திரை உண்டு.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே, காட்டுப் பாதை ஒன்றிலிருந்து
ஓரின் க்வால்ஹைம் அனுப்பிய விண்ணப்பம்:
துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு
ஐந்தடி அகலத்தில் புதிது.
நீர்நிலையின் பெயர்: இல்லை.
நோக்கம்: வீடு அந்தப் பக்கம்.

மண் கலங்காமல் வைக்கோல் தடுப்பு, சரி.
மீன் ஏறும் சரிவு, சரி.
அக்டோபர் ஒன்று முதல் மே முடியும்வரை
ஓடைக்குள் யாரும் இறங்கக் கூடாது,
டிரவுட் முட்டையிடும் காலம்.
அவர் குறித்த நாள் செப்டம்பர் இருபத்தெட்டு.
சரி.

இருபத்தொன்பதாம் நாள், காரணம் எதுவுமில்லை,
வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.
ஆல்டர் புதர்களுக்கு நடுவே
ஒரே எட்டில் தாண்டிவிடலாம் அதை.
புதுக் குழாயின் மேல் உட்கார்ந்து
ரொட்டி தின்றுகொண்டிருந்தார் ஓரின்.
வாடகை மண்வாரி மூக்கைத் தரையில் ஊன்றிக் கிடந்தது.

"பார்த்துவிட்டுப் பேசுங்கள்."
அவர் கை காட்டிய இடத்தில்
கூழாங்கற்களுக்கு இடையே தட்டளவு வெளிச்சம்,
பெருக்கித் துடைத்தாற்போல.
அதன் மேல் ஒரு பெட்டை மீன்
ஒருக்களித்துச் சாய்ந்து
வாலால் இன்னும் பெருக்கிக்கொண்டிருந்தது.

நாட்காட்டியில் நான்கு நாள் பாக்கி.
அதற்கு யார் போய்ச் சொல்வது?

முன்கூட்டி வந்த விருந்தாளிக்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.
மறுக்க விதி இல்லை,
சும்மா இருக்க மனமில்லை.

"வாடகை நாளொன்றுக்கு நூற்றெண்பது டாலர்,"
ரொட்டித் துகளைத் தட்டிவிட்டார்,
"மூன்று நாளாய் இதைக் கிளப்பவில்லை.
நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்."
பிறகு டிரக்கிலிருந்து
பால் கேனையும் நாய்த்தீனி மூட்டையையும் இறக்கி
ஒற்றைப் பலகையில் அக்கரைக்கு நடந்தார்.
பலகை நடுவில் நெளிந்தது.
நிழல் விழுந்தும் மீன் நகரவில்லை.

முப்பதாம் நாள் காலை
விண்ணப்பதாரர் வேண்டுகோளின்படி
வேலை ஜூனுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்று எழுதினேன்.
வேண்டுகோள் எதுவும் வரவில்லை.
முத்திரை மட்டும் நிஜம்.

நவம்பரில் தொலைபேசி.
"பலகையில் பனி உறைந்துவிட்டது.
உப்புத் தூவ அனுமதி வாங்க வேண்டுமா?"

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
உப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
"உப்பு வேண்டாம் ஓரின்," என்றேன்,
"மணல் போடுங்கள். கொஞ்சமாக.
ஓரத்தில் சிந்தாமல்."