அதையும் எழுதணுமா

எர்ணாவூரில் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால்
சம்பாதிப்பவரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.
அவரு, அவரு தம்பி, நானு, பெரியவ.
நாலு பேரு.
அவள் முதுகுக்குப் பின்னால் தூளி அசைகிறது.
அது?
"அதையும் எழுதணுமா?
இன்னும் பேரே வைக்கலையே."

எழுதணும்.

எனக்கு முன்னால் இருந்தவர்
வெயிலுக்குப் பயந்தோ கெடுத் தேதிக்குப் பயந்தோ
பழைய பேரேட்டைப் பார்த்தே எழுதிவிட்டுப் போனார்.
இரண்டு முதல் ஆறு வயசு: முப்பத்தெட்டு.
ஆகவே முப்பத்தெட்டு முட்டை.
வந்து உட்காருகிறவர்கள் ஐம்பத்தொன்று.

வெந்த முட்டையைத் தையல் நூலால் அறுத்தால்
மஞ்சள் கரு உதிராது.
எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லித் தரவில்லை.
இருபத்தைந்து பேருக்கு முழுசு,
இருபத்தாறு பேருக்குப் பாதி.
யார் அந்த இருபத்தாறு என்று
தினமும் பதினொன்றரை மணிக்கு
நான்தான் முடிவெடுக்கிறேன்.

கூடுதல் பதிமூன்றில் ஐந்து
டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகையிலிருந்து.
ஒடிசாக்காரர்கள். அந்தச் சந்துக்குப் பேரேட்டில் பக்கமே இல்லை.
என்ன வயசு என்றேன்.
சபித்ரி முழங்காலுக்கு மேல் கையை வைத்து
தண்ணி, என்றாள், பிறகு தன் வயிற்றைத் தொட்டாள்.
எண்ணெயோடு வெள்ளம் வந்த கார்த்திகை.
அப்போது உள்ளே இருந்தவள்.
ஜுனு, பெண், இரண்டு முடிந்தது.

ஸ்டெல்லா மேடம் போனில் சொன்னார்:
"ஒரேயடியா பதிமூணு ஏத்தினா கேள்வி வரும் தேவநேசம்.
இத்தனை நாள் தூங்கினீங்களான்னு கேப்பாங்க.
மாசத்துக்கு ரெண்டு ரெண்டா போடு."

ஏழு மாசம்.
அதற்குள் கொட்டகை வேறு ஊர் போயிருக்கும்.

எங்கோ ஒரு மேசையில் இந்த எண்ணை வைத்துத்தான்
தடுப்பூசிக் குப்பி எத்தனை,
நாலு வருஷம் கழித்து ஒண்ணாம் வகுப்புக்கு
டீச்சர் ஒருத்தரா ரெண்டு பேரா,
இந்தக் கட்டடத்துக்கு இன்னொரு கழிப்பறை வேண்டுமா,
எல்லாம் போடுகிறார்கள்.
அங்கே இருப்பவர் கெட்டவர் இல்லை.
அவருக்குத் தெரிந்தது முப்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை சாயந்திரம்
பதிமூன்றையும் ஒரே மூச்சில் ஏற்றினேன்.
தூளிக்காரனையும் தனியாக.
பெயர் இல்லாமல் செல்போன் அடுத்த பக்கம் போகவில்லை.
அவன் அம்மாவை மறுபடி கூப்பிட்டேன்.
"ஏதாச்சும் போடுங்க மேடம்,
அப்புறமா மாத்திக்கலாம்ல?"

கேள்வி இன்னும் வரவில்லை.
முட்டையும்.
நூற்கண்டு மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.