வால் எண்ணும் நேரம்

எட்டுப் பரப்புக் காணி.
உறுதியில் என் பெயர் இல்லை,
எமிலியானண்ணையின் பெயரும் இல்லை.
கனடாவில் இருக்கிற ஆளுக்குப்
பற்றை வளராமல் இருந்தால் போதும்.
எனக்கு ஐந்து வெள்ளாடு.
அவருக்கு ஆறு செம்மறி.

சரவணையில் மழை விட்டால்
பத்தாம் நாள் புல் கணுக்காலைத் தொடும்.
வெயில் பிடித்தால்
பதினைந்தாம் நாள் கல் தெரியும்.

ரவுணிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள்,
எது ஆடு, எது செம்மறி?
எங்கள் ஊர்ச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது.
வாலைப் பாருங்கோ, என்பேன்.
வானத்தைக் காட்டினால் என்னுடையது,
நிலத்தைக் காட்டினால் அவருடையது.

வாயும் அப்படித்தான்.
என்னுடையவை வேலியில் தொடங்கும்:
கதியாலில் முன்னங்கால் ஊன்றிக்
கிளுவை, பூவரசு,
எட்டினால் பக்கத்து வளவு முருங்கை,
ஒருமுறை
அந்த வீட்டுக்காரி காயப்போட்ட சட்டையின்
ஒரு கை.
அவருடையவை தலை நிமிராது.
நாவிதன் மழித்த மாதிரி
மண்ணோடு ஒட்ட மேய்ந்துகொண்டே போகும்.
மேல்மாடியில் ஒரு குடும்பம்,
கீழ்மாடியில் ஒரு குடும்பம்.
அவைக்குள் சண்டை இல்லை.

குடற்புழு மட்டும் மாடி பார்ப்பதில்லை.
ஒன்றின் புழுக்கையில் பிறந்து
புல் நுனி ஏறி
மற்றதின் வயிற்றுக்குள் போகும்.
அதனால் பூச்சிமருந்து ஒரே நாளில்,
காசு சரிபாதி.
சண்டை எங்களுக்குத்தான்,
போத்தலில் மிஞ்சின மருந்து யாருக்கென்று.

ஐப்பசியில் மாதர் சங்கத்தில்
சிவத்த உப்புக்கட்டி ஒன்று தந்தார்கள்,
ஆட்டுக்கு நல்லதென்று.
வடலி மட்டையில் கட்டித் தூக்கினேன்.
மழையில் கயிறு இற்று
விழுந்தது நிலத்தில்.
கண்டனான்.
செம்மறிகள் சுற்றி நின்று நக்கின.
பாவம், அதுகளுக்கும் வாய் இருக்குத்தானே
என்று விட்டேன்.
கட்டாமலே விட்டேன்.

தையில் ஒருநாள்
அவற்றை மூத்த மறி எழும்பவில்லை.
மூத்திரம் சாயம் கூடின தேத்தண்ணி மாதிரி.
கண் மடல் மஞ்சள்.
மிருக வைத்தியர் மோட்டச்சைக்கிளை நிறுத்தமுன்னமே
வடலியடியைப் பார்த்துவிட்டார்.
'செம்பு,' என்றார்.
வெள்ளாட்டுக்கு வேணும்.
செம்மறியின்ரை ஈரல் அதைக் கழிக்காது,
சேர்த்து வைக்கும்,
சேர்த்து வைத்து ஒருநாள்
ஒரேயடியாய்த் திறந்துவிடும்.

இறைச்சிக்கும் ஆகாது.
எமிலியானண்ணை அலவாங்கு எடுத்தார்.
எங்கள் கல்லில் ஒரு செம்மறி அளவுக்குக் கிண்ட
மத்தியானம் தாண்டியது.
நான் மண் வாரினேன்.
நான்தான் விட்டது, என்றேன்.
தெரியும், என்றார்.
பிறகு அலவாங்கின் சத்தம்தான்.

என் மறி மார்கழியில் போட்ட
சுட்டிக் கிடாய்க்குட்டியைக்
கொண்டுபோய் அவர் படலையில் கட்டினேன்.
பின்னேரம் என் படலையில் கிடந்தது.
அடுத்தநாளும் கட்டினேன்,
அடுத்தநாளும் வந்தது.
மூன்றாம் நாள் வரவில்லை.
நாலாம் நாள் காணிக்குள்
அதன் கழுத்தில் அவற்றை நீலக் கயிறு.

இப்போது உப்புக்கட்டி என் வீட்டுக் கொட்டிலுக்குள்.
குட்டி, பால் குடிக்க என்னிடம் வரும்.
படுத்திருக்கும் செம்மறியின் முதுகில் ஏறிப்
பூவரசங் குழை இழுக்கும்.
செம்மறி அசையாது.
அதற்கு அது கல்லோ குட்டியோ,
யார் கண்டது.

பொழுது படுகிறது.
ஒற்றைப் படலை, இரண்டு பேர்,
வால் பார்த்து எண்ணுகிறோம்.
எனக்கு ஆறு, என்கிறேன்.
எனக்கும் ஆறு, என்கிறார்.
படலையால் போனது
பதினொன்று.