மாலை ஆறு மணி

செபிக் ஆறு முழுவதற்கும் ஒரே அலைவரிசை.
ஆறு மணிக்கு ஆயர் லெஷெக் பொத்தானை அழுத்துவார்:
கொய்னா எத்தனை பெட்டி,
எந்த வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது,
திமுன்கே பள்ளிக்குச் சுண்ணக்கட்டி போய்ச் சேர்ந்ததா.
ஓவர்.

போலந்தில் அவர் படித்த இறையியலில்
கொசுவுக்கென்று அதிகாரம் எதுவும் இல்லை.
இருபத்தாறு மழைக்காலம் போயிற்று.
தாய் இறந்த தந்தி
நான்கு மாதம் கழித்து
மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களோடு வந்து இறங்கியது.
அதில் ஒன்றை ஆற்றில் நழுவவிட்டான்
படகோட்டி கப்ராக்.

பக்கத்துக் குருவானவர் எதிர்நீரில் மூன்று நாள்.
ஆயருக்கும் பாவசங்கீர்த்தனம் உண்டல்லவா.

அன்று பொத்தானை அழுத்தி
வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு, அவர்கள் மொழியில்:
"இன்று ஒருவனை அறைந்தேன்.
மோதிரக் கையால்.
ஓவர்."

ஏழு நிலையங்களிலும்
கரகரப்பு மட்டும்.

கடைசியில் திமுன்கே மருந்தகத்திலிருந்து யாகுமே,
அறை வாங்கியவனின் மனைவி:
"கன்னம் வீங்கியிருக்கிறது. சாகோ தின்கிறான்.
ஆயர் தன் அம்மாவுக்கு இன்னும் அழவில்லை
என்கிறான்.
அது கிடக்கட்டும், மிச்சம் எத்தனை பீப்பாய்?
ஓவர்."

எண்ண ஆரம்பித்தார்.
நான்கு வரை அவர்கள் மொழியில்.
ஐந்திலிருந்து அம்மாவின் மொழியில்.
பொத்தானிலிருந்து விரலை எடுக்க
மறந்துபோயிருந்தார்.